மலையேரிக்கு ஒரு குழுப் பயணம்: சமவெளி மாணவர்க்குச் சில குறிப்புகள்

நம் மாவட்டத்தில் மலை இல்லை. தஞ்சை நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய கோயில் விமானமோ 216 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். ஊர் கடலுக்கு மேல் நிற்கும் உயரத்தைவிட அதன் கோயில் விமானம் உயர்ந்திருக்கும் விந்தை வேறெங்கு உண்டோ அறியேன். மலை என்று பெயர் கொண்ட சுவாமிமலையிலும் ஏறுவதற்கு 60 படிகளே உள்ளன, அதுவும் கட்டுமலை. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்து வளர்ந்த மாணவர் சிலர் 2022-ஆம் ஆண்டு இறுதியில் என் அறைக்கு வந்து, "சார், இமயமலையில் ஓர் ஏரிக் கரையில் ஒரு நாளாவது கூடாரம் அடித்துத் தங்க வேண்டும், அழைத்துப் போவீர்களா?" என்று கேட்டனர். 2024 ஜூனில் 14 மாணவ மாணவியரும் ஆசிரியர் இருவருமாகப் போய் வந்தோம். இடையே கழிந்த 18 மாதங்களில் என்ன செய்தோம் என்பதே இக்கட்டுரை. அடுத்த குழு இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டபடியால் எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் மலையேரி என்றால் என்ன என்று பார்ப்போம். கொடைக்கானல் ஏரியும் உதகை ஏரியும் நம்மில் பலர் கண்டவை. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகள் அணை கட்டித் தேக்கியவை. உதகை ஏரி ஜான் சல்லிவன் காலத்தது. கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்சு அமைத்தது. இமயத்தின் உயர்ந்த ஏரிகள் அப்படிப்பட்டவை அல்ல. பனியாறு என்னும் உறைந்த பனியின் பெருந்திரள் மெல்ல நகர்ந்து பாறையைக் குடைந்து பள்ளமாக்குகிறது. தான் இழுத்து வந்த கல்லையும் மண்ணையும் முன்னால் கரையாகக் குவிக்கிறது. பின் உருகிப் பின்வாங்கும்போது அப்பள்ளத்தில் நீர் நிற்கிறது. ஆள் கட்டாத ஏரி அது. அதன் கரையும் ஆள் கட்டாத கரை என்பதை மறக்கக் கூடாது. கேதார்நாத்துக்கு மேலிருந்த சோராபாரி ஏரி 2013 ஜூன் 17 காலை கரை உடைந்து வந்ததையும், சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி 2023 அக்டோபரில் உடைத்துக்கொண்டு வந்ததையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலுள்ள பியாஸ் குண்ட். உயரம் சுமார் 3,700 மீட்டர். அனுமான் திப்பா முதலிய சிகரங்களின் அடியில் இருக்கிறது. பியாஸ் நதியின் மூலங்களில் ஒன்று இது; ரோதாங் கணவாயருகே தோன்றும் மற்றொரு கிளையும் இதனின்று வரும் நீரும் பல்ச்சானில் கூடுகின்றன. தலைக்காவிரியைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு வாய்க்கால் கடைமடையில் வாழ்பவர்களுக்கு, ஓர் ஆறு பிறக்கும் இடத்தைக் காணும் ஆசை இயல்பானதே. வரலாற்று மாணவர்க்கு இன்னொரு செய்தியும் உண்டு. கிரேக்கர் ஹைபாசிஸ் என்று குறித்த ஆறு இந்தப் பியாஸ்தான். கி.மு. 326-இல் அலெக்சாந்தரின் படை இதற்கு மேல் வரமாட்டோம் என்று நின்றுவிட்டது. உலகை வெல்லப் புறப்பட்டவனே தன் ஆட்களின் பேச்சைக் கேட்டுத் திரும்பிய ஆறு அது. இதைப் பயணத்திற்கு முன்பே மாணவர்களிடம் பலமுறை சொல்லி வைத்தேன். காரணம் பின்னால் வரும்.

காலம் குறிப்பதில் எங்களுக்குச் சிக்கல் இருந்தது. மே மாதத்தில் மேலே பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டு மழைக்காலம். 2023 ஜூலையில் பியாஸ் வெள்ளம் மணாலிச் சாலையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. செப்டம்பர் பிற்பகுதி நல்ல காலந்தான். ஆனால் அப்போது எங்கள் மாணவர் பாதிப்பேர் சம்பா நடவுக்கு வீட்டில் வேண்டும். ஆகவே தேர்வு முடிந்து மேட்டூர் திறக்குமுன் இருக்கும் ஜூன் முதல் பாதியைக் குறித்தோம். 2024-இல் அணையில் நீர் போதாமையால் ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. வீடுகளில் வேலை இல்லை. அதே காரணத்தால் கையில் காசும் இல்லை. முன்கூட்டியே சேர்த்து வைத்திராவிட்டால் அவ்வாண்டு எவரும் புறப்பட்டிருக்க முடியாது.

சேர்த்த முறை சீட்டுப் பிடிப்பது போன்றதே. தலைக்கு மாதம் 600 ரூபாய், 18 மாதம், ஆக 10,800. அஞ்சலகத்தில் இருவர் பெயரில் கணக்கு. ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் கட்டலாம். மூன்று மாதம் தவறினால் குழு கூடிப் பேசும், தனியாளைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அந்தப் 10,800-இல் 500 ரூபாயைத் தனியே எடுத்து "திரும்பும் நிதி" என்று பெயரிட்டோம். ஆசிரியர்களையும் சேர்த்து 16 பேருக்கு 8,000 ரூபாய். நடுவழியில் எவருக்கேனும் உடல் நலம் கெட்டால் நள்ளிரவிலும் வண்டி அமர்த்திக் கீழே கொண்டுவரும் பணம் அது. அப்பணத்தில் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். ஏனெனில், கீழே இறங்க வேண்டியவன் முதலில் செலவை நினைத்துத் தயங்குகிறான். பணம் ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருந்தால் அத்தயக்கம் பாதி குறையும்.

புகைவண்டி, பேருந்து விவரங்களை விரிக்க வேண்டியதில்லை. தஞ்சையிலிருந்து இரவு வண்டியில் சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரசில் புதுதில்லி, பின் இரவுப் பேருந்தில் மணாலி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மணாலிச் சாலை மண்டி மாவட்டத்தில் பியாஸ் கரையோரமாகவே செல்கிறது. அங்கே தலௌட் என்னுமிடத்தில் 2014 ஜூன் 8 அன்று மாலை, சுற்றுலா வந்த ஐதராபாத் பொறியியல் மாணவர் 24 பேர் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டனர். பாறைகளின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது லார்ஜி அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. முக்கொம்பில் மதகு தூக்கினால் கொள்ளிடத்து மணலில் நிற்பவன் கதி என்ன என்று நம் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் வேற்றூர் ஆற்றில் மேலே அணை இருப்பதே தெரியாமல் நிற்கிறோம். வழியில் எங்கும் ஆற்றில் இறங்குவதில்லை என்பது எங்கள் முதல் விதியாயிற்று.

உடற்பயிற்சிக்கு மலை வேண்டுமே என்று பலர் கவலைப்பட்டனர். ஞாயிறுதோறும் காலை 5 மணிக்குப் புதுஆற்றுக் கரையில், முதுகுப் பையில் மணல் மூட்டை வைத்து நடந்தோம். முதல் மாதம் 3 கிலோ, ஆறாம் மாதம் 8 கிலோ. கரையோரம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "மணலை எங்கே தம்பி கொண்டு போறீங்க, அங்கே இல்லையா?" என்று கேட்டது இன்றும் வகுப்பில் சிரிப்புக்கு இடமாக உள்ளது. மாதம் ஒருமுறை திருச்சி மலைக்கோட்டையின் நானூறுக்கு மேற்பட்ட படிகளை மூன்று தடவை ஏறி இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை என்பதை அங்கே கற்றுக்கொண்டார்கள். புதுக் காலணி வாங்கியவர்கள் அதை இரண்டு மாதமாவது இந்நடையில் போட்டுப் பழக வேண்டும். சுமை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. 50 கிலோ மாணவிக்குப் பத்துக் கிலோ மேல்வரம்பு.

காட்டு வழியில் பயிற்சி செய்ய விரும்புவோர் முன் அனுமதி பெறாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மருத்துவமனையில் இறந்தோரையும் சேர்த்து 23 பேர் மாண்டனர். காய்ந்த புல் நிறைந்த சரிவில், தீக்காலத்தில், வழி அறியாத கூட்டமாகச் சிதறி ஓடியதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகே மலையேற்றத்திற்கெனத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களை வழிகாட்டிகளுடன் திறந்துள்ளது. அடுத்த குழு அவற்றில் ஒன்றில் முதலில் நடந்து பார்க்கலாம்.

இனி உயரத்தின் செய்திக்கு வருகிறேன். இதை மற்றவற்றைவிடக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

3,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. காற்றில் உயிர்வளியின் விகிதம் மாறுவதில்லை. காற்றே மெலிந்துவிடுவதால் ஒரு மூச்சில் கிடைக்கும் அளவு குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கேட்கும். நாள் கொடாமல் ஏறினால் தலைவலி, குமட்டல், சோர்வு, தலைசுற்றல் தோன்றும். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் வரலாம். வலிமையானவனுக்கு வராது என்பது பொய். நன்றாக ஓடுகிறவன் வேகமாக ஏறிவிடுவதால் அவனுக்கே முன்னால் வருவதும் உண்டு. முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், அல்லது மூளை வீங்கும். அப்போது உயிருக்கே கேடு. மருந்து முதன்மையானது ஒன்றே: கீழே இறங்குவது. மாத்திரை உண்டு, ஆனால் மருத்துவரைக் கேட்காமல், பிறர் தந்தார் என்று விழுங்கலாகாது. கந்தக வகை மருந்துகள் ஒவ்வாதவர் அதுபற்றித் தனியே சொல்ல வேண்டும்.

மலையேறுவோரின் நடைமுறை விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது. பகலில் உயர ஏறலாம். இரவு தாழ வந்து படுக்க வேண்டும். இதன்படி மணாலியில் (2,050 மீட்டர்) இரண்டு இரவு, துண்டியில் (சுமார் 2,840) ஓர் இரவு, பகர்தாச்சு என்னும் புல்வெளியில் (சுமார் 3,300) இரண்டு இரவு என்று வகுத்தோம். ஏரிக்குப் பகலில் போய் அன்றே பகர்தாச்சுக்குத் திரும்ப வேண்டியது. ஏரிக் கரையிலேயே தங்க வேண்டும் என்று மாணவர் கேட்ட முதல் ஆசை இதில் அடிபட்டது. இரண்டு வாரம் முகம் சுளித்தார்கள். 2020-இல் அடல் சுரங்கம் திறந்தபின் துண்டி வரை நல்ல சாலை இருப்பதால் மணாலியிலிருந்து ஒரே நாளில் ஏரியைத் தொட்டுவிடலாமே என்று ஒருவர் கணக்குப் போட்டும் காட்டினார். சாலை நன்றாக இருப்பதால் நுரையீரல் விரைவில் பழகிவிடாது.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? கனடா நாட்டில் லேக் லூயிஸ் என்ற மலையேரிக் கரையில் 1991-இல் கூடிய அறிஞர்கள் ஒரு மதிப்பெண் முறை வகுத்தனர். அது 2018-இல் திருத்தப்பட்டது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தலைசுற்றல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை எண். தலைவலியுடன் மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மலைநோய். முன்பு தூக்கமின்மையும் கணக்கில் இருந்தது. உயரத்தில் எல்லோருக்கும் தூக்கம் கெடுவதால் அதை நீக்கிவிட்டார்கள். நாங்கள் 14 பேரையும் ஏழு இணைகளாகப் பிரித்தோம். காலையும் மாலையும் ஒருவர் மற்றவரைக் கேட்டுக் குறிக்க வேண்டும். தன் எண்ணைத் தானே எழுதக் கூடாது.

இந்தக் கடைசி விதியால்தான் ஒரு தீங்கு தடுக்கப்பட்டது. பகர்தாச்சில் முதல் மாலை, ஓர் இணையின் தாளில் தலைவலி 2, வயிறு 1, சோர்வு 1 என்று இருந்தது. அம்மாணவன் மறுத்தான். "சார், ஒண்ணுமில்ல சார், பஸ்ஸுல தூங்காததுதான்" என்றான். இணையாக இருந்தவனோ, "மத்தியானச் சோத்தை யாருக்கும் தெரியாம நாய்க்குப் போட்டான் சார்" என்று சொல்லிவிட்டான். இருவருக்கும் அன்றிரவு பேச்சில்லை. மறைத்தவனின் நிலையும் எனக்குப் புரிந்தது. அவன் தந்தை கூலி வேலை செய்பவர். மாதம் 600 ரூபாயை அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தி பரிமாறிச் சேர்த்தவன். 18 மாதம் சேர்த்து ஏரிக்குச் சுமார் 3 மணி நேர நடைக்குள் வந்தபின், திரும்பு என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்?

இரவு வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பேச்சுக் கொடுத்தோம். விடியும்போது தலைவலி குறையவில்லை. நேர்கோட்டில் அடி மேல் அடி வைத்து நடக்கச் சொன்னதில் தடுமாற்றம் இல்லை. மூளை வீக்கம் இல்லை என்று அது ஆறுதல் தந்தது. ஆயினும் விதிப்படி இறங்கவே வேண்டும். இறங்குகிறவன் தனியே இறங்கக் கூடாது, ஆசிரியர் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்பதும் டிசம்பரிலேயே எழுதிய விதி. மாணவியர் ஐவர் இருந்தமையால் உடன் வந்த அம்மையார் மேலே இருக்க வேண்டியவர். எனவே நான் இறங்கினேன். உள்ளூர் வழிகாட்டியின் தம்பி அவன் பையைச் சுமந்து வந்தான். துண்டிக்கு வந்து ஒரு மணி நேரத்தில் அவன் பசிக்கிறது என்றான். மாலையில் மணாலி மருத்துவமனையில் பார்த்து, ஓய்வு போதும் என்று அனுப்பினார்கள். திரும்பும் நிதியில் செலவானது 1,400 ரூபாய். வழியெல்லாம் அவன் பேசவில்லை. மணாலியில் அறைக்கு வந்தபின், "உங்களுக்கும் என்னால ஏரி போச்சு சார்" என்றான். ஏரி ஓடிப்போவதில்லை என்றேன். அடுத்த குழுவில் அவன் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். அவன் பட்டம் பெற்று வெளியேறினாலும் அழைத்துப்போக முதல்வரிடம் இசைவு பெற்றாயிற்று.

மேலே சென்றவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை வைத்தே நான் ஏரியைப் பற்றி எழுத முடிகிறது. மன்னார்குடிக்காரன் ஒருவன், "இவ்வளவுதானா! எங்கூர் ஹரித்திரா நதிக் குளமே 23 ஏக்கர்" என்றானாம். சிறிய ஏரிதான். ஆனால் நீரில் கை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டார்களாம்.

சமையலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தஞ்சைக் கட்டுரை ஆகாது. 3,300 மீட்டரில் நீர் சுமார் 89 பாகையிலேயே கொதித்துவிடும். நெருப்பை எவ்வளவு ஏற்றினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடேறாது. நம் புழுங்கலரிசியைப் போட்டு ஒரு மணி நேரம் எரித்தாலும் நடுவில் முளை நிற்கும், எரிவாயுதான் தீரும். இதைப் பௌதிக வகுப்பில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள் பகர்தாச்சில் பல்லால் உணர்ந்தார்கள். அழுத்தக் கொதிகலன், அதாவது நம் வீட்டுக் குக்கர் ஒன்று இருந்தால் உள்ளே சூடு 110 பாகையைத் தாண்டும், பச்சரிசி நன்றாக வேகும். எடை அதிகம் என்று தயங்காமல் ஐந்து லிட்டர்க் குக்கர் இரண்டு கொண்டு போவது நல்லது. அதைவிட நல்லது அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்து நம் முன்னோர் செய்து வைத்த அவலுக்கு வேகும் வேலையே இல்லை. வெந்நீர் தெளித்தால் போதும். எடையும் குறைவு. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எள்ளுருண்டை, கடலைமிட்டாய் ஆகியவை கெடாமல் வந்தன. எண்ணெயும் நெய்யும் சற்றுக் கூடுதலாக வேண்டும்; குளிரில் உடல் கேட்கும். மண்ணெண்ணெய், எரிவாயு இரண்டும் புகைவண்டியில் கொண்டு போகத் தடை உள்ளவை. மணாலியிலேயே வாங்க வேண்டும். கூடாரமும் உறக்கப் பையும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். முதல்நாளே விரித்துப் பார்த்துக் கிழிசல் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

உடையில் ஒன்றே முக்கியம். பருத்தி நனைந்தால் உலராது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே செயற்கை இழை, மேலே கம்பளி, அதற்கு மேல் மழை புகாத சட்டை. வேட்டியை மணாலியில் விட்டுவிடலாம்.

ஓடைகளைக் காலையில் கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் பெருகும். காலையில் முழங்கால் அளவிருந்தது மாலையில் இடுப்பளவாகும். மணாலியில் காவல் நிலையத்தில் எல்லோர் பெயரும் திரும்பும் நாளும் எழுதிக் கொடுத்துவிட்டே ஏறினோம். அங்கே 1961-இல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மேலே பனியும் வழியும் எப்படி உள்ளன என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் ஏறுவதில்லை என்பதும் எழுதிய விதியே. நல்லவேளையாக அதற்கு வேலை வரவில்லை. கழிப்பிடம் நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, குழி தோண்டி மூட வேண்டும். மேல்மடைக்காரன் கலக்கிய நீரைக் குடிப்பவன் கடைமடைக்காரன் என்று நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் தாள் ஒவ்வொன்றையும் எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டுவந்தோம்.

அடுத்த குழுவிற்கு 14 இடங்களே. ஒரு பெயர் எழுதியாயிற்று, 13 உள்ளன. முதலாண்டு மாணவ மாணவியர் பெற்றோரின் கையெழுத்துடன் சனவரி 10-க்குள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். மாதச் சந்தாவைக் குழுவே கூடி முடிவு செய்யும். முதல் ஞாயிறு காலை 5 மணிக்குப் புதுஆற்றுப் பாலத்தருகே வந்துவிடுங்கள். மணல் மூட்டைக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய அரிசிப் பை கொண்டு வந்தால் போதும். மணல் அங்கேயே இருக்கிறது.